சின்னதுரையின் ஜார் காலத்து ஜாடி

சின்னதுரை யார் வீட்டுக்குப் போனாலும் அங்கே கொடுக்கிற டம்ளரைக் கவிழ்த்துப் பார்க்காமல் திரும்ப மாட்டார். உள்ளே இருப்பதைக் குடித்து முடித்த பிறகுதான் கவிழ்ப்பார். அந்த அளவுக்கு நாகரிகம் தெரிந்தவர்.

போன வருஷம் மந்தாரக்குப்பத்தில் ஒரு காரியத்துக்குப் போயிருந்தார். கூட வேலை பார்த்த ஒருவரின் தாயார் இறந்து பதினாறாம் நாள். பந்தியில் பாயசத்தைக் கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்தார்கள். சின்னதுரை பாயசத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, கிண்ணத்தை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். நகத்தால் சுண்டினார். ‘டக்’ என்று மண்சட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது. மொட்டைத் தலையோடு பந்தி விசாரிக்க வந்த மகனிடம், “அச்சுல ஊத்துன கண்ணாடிங்க இது. ஓரத்துல கோடு தெரியுது பாருங்க. கட் கிளாஸ் கிடையாது” என்றார். அந்த மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சரிங்க” என்றார். வேறென்ன சொல்வது? தாயாரையும் கிண்ணத்தையும் ஒரே நாளில் இழந்தவர் மாதிரி நின்றார்.

சின்னதுரைக்குச் சொந்த ஊர் சேத்தியாத்தோப்பு. அப்பாவுக்கு வெள்ளாற்றங்கரைப் பக்கம் இரண்டு காணி நஞ்சை. நெய்வேலிச் சுரங்கத்தில் உதவியாளாகச் சேர்ந்து, நிலக்கரி போகிற கன்வேயர் பெல்ட்டுக்கு ஒட்டுப் போடுகிற பிரிவில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து, அசிஸ்டன்ட் ஃபோர்மேனாக ரிட்டயர் ஆனார். நல்ல வேலைக்காரர் என்றே எல்லோரும் சொல்வார்கள். ஆனால் நல்ல வேலைக்காரர் என்ற பேர் கம்பெனி டவுன்ஷிப்பில் காலிங் பெல் சத்தம் கேட்கிற தூரம்வரைதான் போகும். எந்த வட்டத்தில், அதாவது எந்த பிளாக்கில், எந்த டைப் குவார்ட்டர்ஸ் என்பதுதான் அங்கே ஒரு மனிதனின் உயரம். ரிட்டயர் ஆனதும் இருபத்தொன்றாம் வட்டத்து குவார்ட்டர்ஸைக் காலி செய்து, கேட்டுக்கு வெளியே இந்திரா நகரில் கட்டி வைத்திருந்த வீட்டுக்கு வந்தார். வந்த மறுமாதமே, அவரிடம் லீவு கேட்டுக் கைகட்டி நின்ற பையன்கள் வண்டியின் பிரேக்கைக்கூடத் தொடாமல் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனார்கள். செல்போன் அடித்தால் லோன் வேண்டுமா என்று கேட்கிற பெண்ணாகத்தான் இருக்கும். அவளிடமும் அவர் பத்து நிமிஷம் பேசிவிட்டுத்தான் வைப்பார்.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு மத்தியானம் செல்போனில் ஒரு வெள்ளைக்காரனின் வீடியோ தானாக ஓடியது. வெல்வெட் துணிமேல் கண்ணாடி ஜாடி ஒன்றை வைத்து அவன் சுற்றிக் காட்டினான். பழைய ரஷ்ய கட் கிளாஸ். சக்கரத்தில் வைத்து வெட்டியது. ஜார் மன்னர் காலத்துச் சரக்கு என்றால் ஏலத்தில் பறந்துபோகும் என்றான். சின்னதுரை நிமிர்ந்து எதிரே பார்த்தார். அவர் மனைவி திலகவதியின் தையல் மிஷின்மேல், கத்தரிக்கோல், இஞ்ச் டேப், சாக்குக்கட்டி, உடைந்த ஊசி எல்லாம் சொருகியபடி அதே மாதிரி ஒரு ஜாடி இருபது வருஷமாக நின்றுகொண்டிருந்தது.

அது திலகவதியின் அம்மா பட்டம்மாளுடையது. அறுபதுகளில் முதல் அனல்மின் நிலையம் கட்ட ரஷ்யாக்காரர்கள் குடும்பத்தோடு நெய்வேலிக்கு வந்திருந்தபோது, பட்டம்மாள் அவர்கள் வீடுகளில் சமைத்துப் போட்டு, பாத்திரம் தேய்த்து, துணி துவைத்தவர். ஊருக்குத் திரும்பும்போது அவர்கள் கொடுத்துவிட்டுப் போன ஜாடி அது. பட்டம்மாள் போய்ச் சேர்ந்ததும் பெரிய மகள் அஞ்சலாட்சி பித்தளை அண்டாவை எடுத்துக்கொண்டாள். யாரும் கேட்காத ஜாடி சின்ன மகளுக்கு வந்தது.

இந்தச் சங்கதி சின்னதுரைக்கு நன்றாகவே தெரியும். கல்யாணம் ஆன முதல் மாதமே அவர் மனைவியிடம் சொல்லி வைத்திருந்தார்: “ஒங்கம்மா ரஷ்யாக்காரன் வூட்ல பாத்திரம் தேய்ச்சத யாருகிட்டயும் சொல்லிகினு இருக்காத. மெஸ் வச்சிருந்தாங்கன்னு சொல்லு. கேட்டா மட்டும் சொல்லு.”

யாரும் கேட்கவில்லை. திலகவதியும் சொல்லவில்லை.

அன்று மாலையே கத்தரிக்கோல் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலுக்கு இடம் மாறியது. ஜாடியைப் புளிபோட்டுத் தேய்க்கலாமா என்று திலகவதி கேட்டதற்கு, சின்னதுரை கொலைகாரியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு வினிகர் விட்டு அவரே குளிப்பாட்டினார். பெற்ற மகள் நந்தினியைக்கூட அவர் அப்படிக் குளிப்பாட்டியதில்லை.

உண்மையைச் சொல்ல வேண்டும், ஜாடி அழகானதுதான். ஒன்றரை அடி உயரம். ஒரு கையால் தூக்கினால் மணிக்கட்டு வலிக்கும் கனம். வாய் விளிம்பு ரம்பப் பல் மாதிரி வரிசையாக வெட்டியிருக்கும். கழுத்தில் மேலிருந்து கீழாக வாய்க்கால் வாய்க்காலாகக் கோடுகள். வயிற்றுப் பகுதியில் எட்டு இதழ் நட்சத்திரங்கள், இரண்டு நட்சத்திரத்துக்கு நடுவே விரித்த விசிறி. மிச்ச இடம் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாக இழைத்த பொடிப் பொடி வைரக்கட்டம். அடியில் தொட்டுப் பார்த்தால் பெரிய சூரியன் ஒன்று கதிர் விரித்திருக்கும். காலை வெயில் பட்டால் சுவரெல்லாம் சிவப்பும் நீலமுமாகத் துண்டு துண்டாக ஓடும். கீழ்ப்பாகத்தில், ஒரு நட்சத்திரத்துக்கு அடியில், பூச்சி ஊர்ந்த தடம்போல ரஷ்ய எழுத்தில் இரண்டு வரி செதுக்கியிருந்தது.

அந்த இரண்டு வரிதான் சின்னதுரையைத் தூங்கவிடாமல் செய்தது. பக்கத்து வீட்டு பிரவீன்குமார் வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். அவன் செல்போன் கேமராவை வைத்து மொழிபெயர்க்கச் செய்து பார்த்தான். கையெழுத்து மாதிரி கோத்து எழுதியிருந்ததால் போன் திணறியது. ஒரு தடவை ‘அன்பான கொழுப்பு’ என்றது. இன்னொரு தடவை ‘ஆறு பசி’ என்றது. மூன்றாவது தடவை இது நார்வே மொழியா என்று கேட்டது.

“அன்பான கொழுப்புன்னு வருது சார்” என்றான் பிரவீன்குமார், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

“ஒன் போனு சின்னப் பயலுங்களுக்குப்பா. இது அரண்மனை ரஷ்யன். அதெல்லாம் அதுக்குப் புரியாது” என்றார் சின்னதுரை.

‘ஆறு பசி’ என்பது ஜார் பரம்பரையின் குடும்ப வாக்கியம் என்று ஒரு வாரத்தில் அவருக்குத் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று கேட்கக் கூடாது. ஜாடி அவருடைய அப்பாவுக்கு வந்தது என்பதும் அதே வாரத்தில்தான் தெரிந்தது. ரஷ்யத் தலைமை இன்ஜினியர் ஒருவர், சின்னதுரையின் தகப்பனாருடைய அறிவுரையைக் கேட்டு ஏதோ ஒரு பெரிய விபத்தைத் தவிர்த்தாராம். நன்றிக்காகத் தன் பரம்பரை ஜாடியையே கழற்றிக் கொடுத்தாராம். அந்தத் தகப்பனார் ஆயுளில் இரண்டு தடவைதான் நெய்வேலிக்கு வந்தார். ஒருதரம் மகனுக்கு வேலை கிடைத்ததைப் பார்க்க, இன்னொருதரம் மூல வைத்தியத்துக்கு. இரண்டுமே ரஷ்யாக்காரர்கள் ஊர் திரும்பி வெகுகாலம் கழித்து.

சுவரில் ஷோகேஸ் ஒன்று முளைத்தது. உள்ளே நாலு பக்கமும் எல்.ஈ.டி. விளக்கு. வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் செருப்பைக் கழற்ற வேண்டும், பிறகு ஜாடியைப் பற்றி முக்கால் மணி நேரம் கேட்க வேண்டும், அதற்குப் பிறகுதான் காபி. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிற ஆளுக்குக்கூட ரம்பப் பல் விளிம்பு என்றால் என்ன என்று தெரியும். ஒரு விசிறியின் கடைசிக் கோடு பக்கத்து நட்சத்திரத்துக்குள் நெல்லளவு நுழைந்திருக்கும். அதைத் தொட்டுக் காட்டி, “இதான் அரண்மனைக் கலைஞனோட ரகசியக் கையெழுத்து. வேணும்னே வுட்டுருக்கான்” என்பார். சிலிண்டர்காரர் பயபக்தியோடு பார்த்துவிட்டு, “கையெழுத்து போடுங்க சார்” என்று தன் சீட்டை நீட்டுவார்.

திலகவதி இதையெல்லாம் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு தடவை மட்டும், ஆள் போன பிறகு கேட்டாள்: “என்னங்க, எங்கம்மா ஜாடி எப்பங்க ஒங்கப்பாவுக்குப் போச்சு?”

“எல்லாம் ஒரு குடும்பந்தான திலகா. இதுல என்னா ஒங்கம்மா எங்கப்பா?” என்றார் சின்னதுரை பெருந்தன்மையோடு.

இப்படியே நாலு வருஷம் ஓடியது. இந்த ஆடி மாதம், ரிட்டயரான தமிழாசிரியர் செங்குட்டுவன் ஒரு செய்தியோடு வந்தார். அவர் ஒரு சின்ன இலக்கிய மன்றத்தின் தலைவர். மாதா மாதம் ஒரு பள்ளிக்கூட ஹாலில் கூட்டம் நடத்துவார். பதினைந்து பேர் வந்தால் மாநாடு என்பார். இந்த மாதம் புதுச்சேரியில் தங்கி ஆராய்ச்சி செய்கிற ஒரு ரஷ்யப் பெண்மணி பேச வருகிறார் என்றார்.

சின்னதுரைக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. “ஐயா, அந்த அம்மா கையால எங்க ஜாடியத் தெறந்து வைக்கணும்.”

“ஜாடிய எப்படிங்க தெறந்து வைக்கிறது? அதுக்கு மூடியே இல்லியே” என்றார் செங்குட்டுவன்.

“துணி போட்டு மூடி வைப்போம் ஐயா. அவங்க வந்து எடுக்கட்டும்.”

கூட்டத்துக்கான வாசல் சாமியானா, நாற்காலி, போண்டா மூன்றையும் தானே ஏற்றுக்கொள்வதாக அவர் சொன்னதும், செங்குட்டுவனுக்கு ஜாடியின் வரலாற்று முக்கியத்துவம் விளங்கிவிட்டது. ‘ஜார் காலத்து அரிய கலைப்பொருள்: திறப்பும் சிறப்புரையும்’ என்று நோட்டீஸ் அடித்தார்கள். பேச்சாளரின் பெயரைவிடச் சின்னதுரையின் பெயர் ஒரு சுற்றுப் பெரிய எழுத்தில் இருந்தது. மெயின் பஜார் டீக்கடைவரை அவரே கொண்டுபோய்க் கொடுத்தார்.

கூட்டத்துக்கு நூறு பேருக்குமேல் வந்திருந்தார்கள். ஜாடிக்காக ஐந்து பேர், வெள்ளைக்காரப் பெண்மணிக்காக முப்பது பேர், போண்டாவுக்காக மீதி. திலகவதி மூன்றாவது வரிசையில், பட்டுப்புடவையில், பிரவீன்குமாரின் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மேடையில் மேஜைமேல் சிவப்புத் துணி போர்த்திய ஜாடி. பக்கத்தில் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் சின்னதுரை.

வேரா என்ற அந்தப் பெண்மணிக்கு ஐம்பது வயதிருக்கும். காட்டன் சேலை, காலில் செருப்பு, தோளில் ஜோல்னாப் பை. சின்னதுரை ஒரு வாரமாக மனப்பாடம் செய்திருந்த ரஷ்ய வணக்கத்தைச் சொன்னார். அந்த அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “மன்னிக்க வேண்டும் ஐயா, நீங்கள் கூறியது எனக்கு விளங்கவில்லை. தமிழிலேயே உரையாடலாமே” என்றார்.

முன்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். அந்த அம்மா ரஷ்யனில் பேசுவார், தான் அதை மொழிபெயர்ப்பதுபோலச் சமாளித்துக்கொள்ளலாம் என்று சின்னதுரை ஒரு திட்டம் வைத்திருந்தார். அது முதல் வாக்கியத்திலேயே படுத்துவிட்டது.

ஆனாலும் மைக்கைப் பிடித்தார். அரை மணி நேரம் பேசினார். ஜார், அரண்மனை, தகப்பனார், தவிர்க்கப்பட்ட விபத்து, கண்ணீரோடு நின்ற தலைமை இன்ஜினியர், ரகசியக் கையெழுத்து, ஆறு பசி. கடைசியில் துணி விலகியது. ஹாலின் டியூப்லைட் வெளிச்சத்தில் ஜாடி மின்னியது. கூட்டம் ‘அட’ என்றது. அது நியாயமான ‘அட’தான்.

வேரா ஜாடியைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். சின்னதுரை அதை வியப்பு என்று எடுத்துக்கொண்டார். அது சிரிப்பு.

“அவையோரே” என்று ஆரம்பித்தார் வேரா. “இதைக் கண்டதும் எனக்கு என் பெரியம்மாவின் இல்லம் நினைவுக்கு வந்துவிட்டது. அவரிடம் இவ்வகை ஜாடிகள் மூன்று இருந்தன. என் பள்ளி ஆசிரியையிடம் இரண்டு. எங்கள் மாடிப்படிக்கு எதிர் வீட்டில் குடியிருந்த பேருந்து ஓட்டுநரிடம் நான்கு. எங்கள் நாட்டில் அந்நாளில் இது இல்லாத வீடே கிடையாது. திருமணத்துக்கு இதைத்தான் பரிசளிப்பார்கள். பணி ஓய்வுக்கும் இதைத்தான் பரிசளிப்பார்கள்.”

பின்வரிசையில் ஒருவர், “நம்ம எவர்சில்வர் குடம் மாதிரி” என்றார்.

“மிகச் சரியாகச் சொன்னீர்கள்!” என்று வேரா மகிழ்ந்து போனார். “எவர்சில்வர் குடமேதான். ஆனால் குடத்தில் நீங்கள் தண்ணீராவது பிடிப்பீர்கள். நாங்கள் இதில் பூக்கூட வைக்க மாட்டோம். கண்ணாடி அலமாரிக்குள் வைத்து, விருந்தினருக்குக் காட்டி, மீண்டும் பூட்டி விடுவோம்.”

கூட்டம் மொத்தமாகத் திரும்பிச் சின்னதுரையைப் பார்த்தது. அவருடைய எல்.ஈ.டி. ஷோகேஸைப் பார்க்காதவர்கள் அந்த ஹாலில் மிகக் குறைவு.

சின்னதுரை பல்லைக் காட்டினார். “ஆனா மேடம், இது ஜார் காலம்...”

“இல்லை ஐயா. ஜார் ஆட்சி ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினேழிலேயே முடிந்துவிட்டது. இந்த நட்சத்திரமும் விசிறியும் அறுபதுகளில் தொழிற்சாலையில் வெட்டியவை. வெட்டியது கைதான், அதில் ஐயமில்லை. சக்கரத்தின் முன் ஒரு தொழிலாளி அமர்ந்து ஒவ்வொரு கோடாக வெட்டியிருக்கிறார். இதோ, இந்தக் கோடு எல்லை தாண்டிவிட்டதே, பார்த்தீர்களா?”

“அது கலைஞனோட ரகசியக் கையெழுத்துங்க” என்றார் சின்னதுரை, குரல் இறங்கி.

“அது மாதக் கடைசி ஐயா. இத்தனை ஜாடி முடித்தாக வேண்டும் என்று மேலிடம் இலக்கு வைத்திருக்கும். அந்த அவசரத்தில் கை வழுக்கியிருக்கிறது.”

ஹால் முழுக்க நெய்வேலிக்காரர்கள். ஷிஃப்ட்டும் டார்கெட்டும் பார்த்தே நரைத்தவர்கள். மாதக் கடைசி என்றதும் கூரை அதிரச் சிரித்தார்கள். அந்த முகம் தெரியாத ரஷ்யத் தொழிலாளி ஒரே நொடியில் அவர்களுடைய செக்‌ஷன் ஆளாகிவிட்டான்.

வேரா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். செதுக்கிய வரிகளை விரலால் தடவிப் படித்தார். நிமிர்ந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை. “ஐயா, பட்டம்மாள் என்பவர் யார்?”

சின்னதுரை மூன்றாவது வரிசைப் பக்கம் திரும்பாமல் மைக்கையே பார்த்தார். முப்பத்தைந்து வருஷம் அதிகாரிகள் முன்னால் பெல்ட் ஏன் அறுந்தது என்று விளக்கம் சொன்ன வாய், தானாக வேலை செய்தது.

“பட்டமால்...ங்கிறது ரஷ்யாவுல ஒரு பேருங்க மேடம். குடும்பப் பேரு. அரண்மனைப் பக்கம் இருந்த குடும்பம்.”

வேரா அவரை இரக்கத்தோடு பார்த்தார். “இல்லை ஐயா. ‘அம்மாள்’ என்பது தமிழ்ச் சொல்” என்றார்.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பதற்கு முன்னால் திலகவதி எழுந்துவிட்டாள்.

“எங்கம்மாங்க” என்றாள். மைக் இல்லாமலேயே கடைசி வரிசைவரை கேட்டது. “பட்டம்மா எங்கம்மா. அதுல என்னாங்க எழுதியிருக்கு? எங்கம்மாவுக்கே தெரியாது. படிச்சிச் சொல்லுங்க.”

அவள் மேடை ஏறி வந்தாள். வேரா ஒரு கையால் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் எழுத்தைத் தொட்டுத் தொட்டுப் படித்தார். முதலில் ரஷ்யனில், பிறகு தமிழில்.

“‘எங்கள் அன்புப் பட்டம்மாளுக்கு. எங்கள் ஆறு பேரைப் பசியால் சாகாமல் காப்பாற்றியதற்கு. கலினா, நீனா, தமாரா. நெய்வேலி.’”

திலகவதி இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். வேரா படித்தார். மூன்றாவது தடவையும் கேட்டாள். அதற்குப் பிறகு மைக்கைச் சின்னதுரை கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பிடுங்கவில்லை. அவர் விரல்கள்தான் தாமாகத் திறந்துகொண்டன.

“எங்கம்மா அவங்க வூட்ல சமைச்சிகினு இருந்தாங்க. பாத்திரம் தேய்ச்சாங்க, துணி தொவைச்சாங்க” என்றாள். “வந்த புதுசுல அந்த பொம்பளைங்களுக்கு ஒன்னுமே எறங்கலையாம். காரம் பட்டா அழுவாங்களாம். எதச் சாப்பிட்டாலும் வாந்தி. எங்கம்மா வடலூர் சந்தையில பீட்ரூட்டும் கோசும் வாங்கியாந்து, மொளகா இல்லாம, மோர ஊத்திக் கொதிக்க வச்சி ஒன்னு பண்ணிக் குடுத்தாங்களாம். ஒருத்தி குடிச்சிட்டு எங்கம்மாவக் கட்டிப் புடிச்சிக்கினு அழுதாளாம். அது நல்லா இருந்து அழுதாளா, இல்லாம அழுதாளான்னு எங்கம்மாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியல.”

“நன்றாக இருந்திருக்கிறது” என்றார் வேரா. “இல்லாவிட்டால் மூன்று பேர் கையெழுத்திட்டிருக்க மாட்டார்கள்.”

அதற்குப் பிறகு கூட்டம் எங்கேயோ போய்விட்டது. சிறப்புரை நடக்கவேயில்லை. பெண்கள் மேடையைச் சுற்றிக்கொண்டார்கள். தங்கள் அம்மாவும் ரஷ்யாக்காரர் குவார்ட்டர்ஸில் பெருக்கினாள், தங்கள் பெரியப்பா அவர்களுக்குப் பால் ஊற்றினார் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். இத்தனை நாளும் அவரவர் வீட்டு ஷோகேஸுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தது எல்லாம் வெளியே வந்தது. செங்குட்டுவன் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். சின்னதுரை மேடை ஓரமாக, கையில் சிவப்புத் துணியோடு, அதை மடிப்பதும் பிரிப்பதுமாக நின்றார். போண்டா பரிமாறுகிற ஆள், “சார், ஒங்களுக்கு?” என்று கேட்டான். அன்று அவரிடம் யாராவது கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

திரும்பும்போது ஸ்கூட்டரில் திலகவதி ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். வண்டி டவுன்ஷிப்பின் ஆர்ச் கேட்டைத் தாண்டியது.

“நீ முன்னாடியே சொல்லியிருக்கலாம் திலகா” என்றார் சின்னதுரை.

“யாருகிட்டயும் சொல்லாதன்னு நீங்கதான் சொன்னீங்க. முப்பத்தேழு வருசமாவுது.”

“அது அப்ப.”

“அப்ப சொன்னத இப்ப வரைக்கும் கேட்டுகினு இருந்தேன் பாருங்க, எனக்கு யாரு ஜாடி குடுக்கிறது?” என்றாள்.

அவர் வண்டியைப் பள்ளத்தில் இறக்காமல் மிக மெதுவாக ஓட்டினார். கண்ணாடிக்காக ஓட்டினாரா, அவளுக்காக ஓட்டினாரா என்பது அவருக்கே விளங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவர் வழக்கம்போல ஷோகேஸைத் திறந்து ஓரமாக நின்றார். திலகவதி அதைக் கவனிக்காததுபோல ஜாடியைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தாள். மறுநாள் காலையில் அதில் தண்ணீரும் நாலு செம்பருத்திக் கொப்பும் இருந்தன. ஷோகேஸ் விளக்கு மட்டும் வெறும் பலகைக்கு வெளிச்சம் போட்டுக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் அவரே எழுந்துபோய் சுவிட்சை அணைத்தார்.

சின்னதுரை ஒரு வாரம் வெளியே போகவில்லை. டீக்கடையில் தன்னைப் ‘பட்டமால்’ என்று கூப்பிடுகிறார்கள் என்று பிரவீன்குமார் மூலம் தெரிந்தது. ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. அவமானம் ஒரு பக்கம். அதைவிட ஆழமாக, அந்த ஹாலில் திலகவதி பேசும்போது நூறு பேரும் மூச்சுவிடாமல் கேட்டது அவரைக் குடைந்தது. நாலு வருஷம் அவர் விளக்கு வைத்து, வெல்வெட் விரித்து, கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொன்னதற்குக் கொட்டாவிதான் கிடைத்தது. அவள் பாத்திரம் தேய்த்த கதையைச் சொன்னாள், ஊரே மேடை ஏறியது. இது என்ன நியாயம் என்று அவருக்கு உண்மையாகவே புரியவில்லை.

புரியாவிட்டால் என்ன? காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பது புரிந்தது. இரண்டாவது வாரம் சிலிண்டர்காரர் வந்தபோது சின்னதுரை அவரை உட்கார வைத்தார். “என் மாமியார் சாதாரண ஆள் இல்லப்பா. ரஷ்யா இன்ஜினியருங்களுக்கு அவங்கதான் சீஃப் குக்கு...”

“பாத்திரமும் தேய்ச்சாங்க. அதையும் சேத்துச் சொல்லுங்க” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

“...பாத்திரமும் தேய்ச்சாங்க” என்றார் சின்னதுரை.

குள்ளஞ்சாவடியில் இருக்கிற அஞ்சலாட்சிக்குச் செய்தி போனதும், அவள் தங்கையிடம் போனில் ஒரு மூச்சு அழுதாள். அண்டாவை எடுத்துக்கொண்டு எழுத்தை விட்டுவிட்டேனே என்றாள். கடைசியில் சகோதரிகள் இருவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஜாடி இரண்டு மாதம் அங்கே, இரண்டு மாதம் இங்கே. கொண்டுபோய் விடுவதும் கூட்டிவருவதும் சின்னதுரையின் பொறுப்பு. அவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அவரும் மறுக்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை அஞ்சலாட்சி வீட்டுக்குப் போகிற வழியில், கடலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் அவர் உட்கார்ந்திருந்தார். மடியில் போர்வை சுற்றிய ஜாடி. வாய்ப்பக்கத்தை மட்டும் கொஞ்சம் திறந்து வைத்திருந்தார். வெயில் பட்டு பஸ்ஸின் கூரையில் வண்ணம் ஓடியது. பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். அவள் பார்த்தால் போதுமே! வடலூர் வருவதற்குள் ரம்பப் பல், நட்சத்திரம், விசிறி எல்லாம் முடிந்தது. மாதக் கடைசியில் கை வழுக்கிய தொழிலாளி முடிந்தான். அதன் பிறகு பட்டம்மாள் வந்தார். மோர் ஊற்றிய பீட்ரூட் குழம்பு வந்தது. பஞ்சத்தில் கிடந்த ரஷ்யாக்காரர்கள் வந்தார்கள். ஆறு பேர் பதினாறு பேர் ஆகியிருந்தார்கள்.

“பதினாறு பேர ஒரு பொம்பள காப்பாத்துனாளா!” என்றாள் பூக்காரம்மா. “ஆமா, நீங்க அந்தம்மாவுக்கு என்னா வேணும்?”

சின்னதுரை போர்வையை இழுத்து ஜாடியை மூடினார்.

“மருமவனுங்க” என்றார். ஒரு நிமிஷம் ஜன்னல் வழியே பார்த்தார். “சின்ன மருமவன்.”